ஜெராக்ஸ் தாளிலிருந்து அட்டைக்கு: ஜெல் மீடியம் கொண்டு படம் இறக்குதல்

ஜெல் மீடியம் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலை பாதி முடிந்துவிடுகிறது, அல்லது பாதி கெட்டுவிடுகிறது. அதைத் தீர்மானிப்பது தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நிற்கும் மெஷின். வாழ்த்து அட்டை, கொலு அழைப்பு, டைரியின் மேலட்டை, ஸ்க்ராப்புக் என்று எதில் படம் இறக்க நினைத்தாலும் கையில் உள்ள பிரதி எதனால் அச்சானது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களில் பலர் விலை உயர்ந்த ஜெல்லை வாங்கிக்கொண்டு, படத்தை மட்டும் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஈரம் பட்டதும் வண்ணமெல்லாம் ஓடிவிடுகிறது. பழி ஜெல்லின் மேல் விழுகிறது.

ஜெராக்ஸ் மெஷினிலும் லேசர் பிரிண்டரிலும் இருப்பது நாம் நினைக்கும் மை இல்லை. அது நிறமி கலந்த பிளாஸ்டிக் தூள், டோனர் என்பார்கள். சூடான உருளை அந்தத் தூளை உருக்கித் தாளின் மேல் படிய வைக்கிறது. தாளுக்குள் அது இறங்குவதில்லை. மேலேயே தங்கும், தண்ணீருக்கு அசையாது. இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். தாளின் இழைகளுக்குள் ஊறிவிடும், மறுபடி நனைந்தால் கசியும். சில பிரிண்டர்களில் நீருக்கு அசையாத நிறமி மை உண்டு என்றாலும், அதுவும் இழைக்குள் இறங்கிய மைதான். தாளைத் தேய்த்து அகற்றும்போது கூடவே போய்விடும்.

ஜெல் மீடியம் என்பது நிறம் சேர்க்காத, கெட்டியாக்கப்பட்ட அக்ரிலிக் பெயின்ட்தான். நுண்ணிய அக்ரிலிக் துகள்கள் நீரில் மிதப்பதால் டப்பாவில் பால் வெள்ளையாக இருக்கும். நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து கண்ணாடி போலத் தெளிந்த படலமாகிவிடும். டோனரும் பிளாஸ்டிக், ஜெல்லும் பிளாஸ்டிக். காயும்போது இரண்டும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதன் பிறகு தாளை நனைத்துத் தேய்த்து எடுத்தால் தாள் மட்டும் போகும், படம் படலத்தில் நிற்கும். முறை முழுவதும் இவ்வளவுதான். மீதி எல்லாம் பொறுமையும் கைப்பழக்கமும்.

ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் எடுத்த முதல் ஜெராக்ஸ் பிரதியே ஒரு டிரான்ஸ்ஃபர்தான். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, தேதியும் ஊரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து ஒளி காட்டி, தூளைத் தூவி, மெழுகுத் தாளை அழுத்தி எழுத்தை அதில் எடுத்தார். அவர் தகட்டிலிருந்து தாளுக்கு இறக்கியதை நாம் தாளிலிருந்து அட்டைக்கு இறக்குகிறோம்.

ஜெராக்ஸ் கடையில்

பெங்களூரில் பள்ளி, கோர்ட், ஆர்டிஓ அலுவலகம் எது இருந்தாலும் அருகில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். கறுப்பு வெள்ளைப் பிரதிக்கு எந்தக் கடையும் சரி. வண்ணப் பிரதிக்குத்தான் விசாரிக்க வேண்டும். 'கலர் பிரிண்ட்' என்று பலகை இருந்தாலும் உள்ளே டேங்க் வைத்த இங்க்ஜெட் இருக்கலாம். நேராக 'லேசரா?' என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தாள் மட்டும் எடுத்து, ஓரத்தில் விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் விரலில் ஒட்டினால் அது நமக்கு உதவாது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பது இன்னொரு சோதனை: லேசர் பிரதியில் அடர்த்தியான இடங்கள் லேசாக மினுங்கும், விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

தாள் சாதாரண 70 அல்லது 75 ஜிஎஸ்எம் போதும். நல்ல படமாயிற்றே என்று கடைக்காரர் 100 ஜிஎஸ்எம் தாளில் போட்டுத் தரப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடித்த தாளைத் தேய்த்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். டோனர் சிக்கன முறை மெஷினில் போட்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் அடர்த்தியாக எடுங்கள். வெளிறிய பிரதியிலிருந்து வெளிறிய படம்தான் வரும்.

அடுத்தது திருப்புவது. படம் முகம் கீழாக ஒட்டப்படுவதால் இடம் வலமாகிவிடும். லால்பாக் கண்ணாடி மாளிகை எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. எழுத்து இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதம், கடைப் பலகை, வண்டி எண், சேலை முந்தானை விழும் தோள் ஆகியவை உள்ள படங்களை முன்கூட்டியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியாக வேண்டும். போனில் உள்ள படத் திருத்தச் செயலியிலேயே இதைச் செய்யலாம். திருப்பிய படத்தை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் படம் சுருங்கிக் கோடுகள் மங்கிவிடும். நேரில் மூலத்தைக் கொடுத்துப் பிரதி எடுப்பதாக இருந்தால், பல டிஜிட்டல் காப்பியர்களில் மிரர் வசதி இருக்கிறது. 'அண்ணா, மிரர் மாடி பிரிண்ட் கொடி' என்று கன்னடத்தில் கேட்டால் போதும். ஒரு வினாடி விநோதமாகப் பார்த்துவிட்டுச் செய்து தருவார்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. தேய்க்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'அன்புடன்' என்று எழுதியது 'அனபுடன' ஆகிவிடும். எழுத்துகளை 16 பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த வடிவில் வையுங்கள். கன்னடத்தில் எழுத்துக்கு அடியில் தொங்கும் ஒத்தெழுத்துகளுக்கும் இதே கதிதான்.

என்ன படம் எடுக்கலாம்

கோடும் நிழலும் தெளிவாகப் பிரிந்த படங்கள் நன்றாக இறங்கும். 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட லால்பாக் கண்ணாடி மாளிகையின் இரும்புச் சட்டங்கள், கப்பன் பூங்காவின் மூங்கில், உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியின் தூண் வரிசை, அல்சூர் சோமேஸ்வரர் கோயிலின் தூண் சிற்பம், அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டில் திறந்த திருவள்ளுவர் சிலை எல்லாமே இதற்கென்று அமைந்தவை. வானம் வெறுமையாக இருந்தால் மேலும் நல்லது. முகங்கள் கொஞ்சம் கடினம். கண்ணுக்கு மேலே ஒரு சிறு துணுக்கு உரிந்தாலும் படமே கெட்டுவிடும் என்பதால், கை பழகிய பிறகு தாத்தா பாட்டி படங்களுக்குப் போகலாம்.

பழைய அச்சுப் படங்களில் விருப்பம் உள்ளவர்கள் கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறந்த மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபிக்கு ஒருமுறை போய் வர வேண்டும். எல்லோரும் மாப் என்றே சொல்கிறார்கள். அங்குள்ள தொகுப்பில் ரவி வர்மா அச்சகத்துப் படங்களும், ஆங்கிலேயர் காலத்தில் இங்கிலாந்து மில் துணிகளின் மேல் ஒட்டி வந்த வண்ணச் சீட்டுகளும் இருக்கின்றன. உள்ளங்கை அகலத்தில் ஒரு முழுக் கதையை எப்படி அடக்குவது, ஓரத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதை அந்தத் துணிச் சீட்டுகளிடம் கற்றுக்கொள்ளலாம். அட்டை செய்பவர்களுக்கு அவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் எண்ணம். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் லித்தோ கல்லின் மேல் படத்தை இடவலம் மாற்றித்தான் பதித்தார்கள். சரஸ்வதியின் வீணை கல்லில் எதிர்ப்பக்கம் இருக்கும். நம் மிரர் பிரதி அந்தக் கல்லின் வேலையைச் செய்கிறது.

மூலப் படத்தை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஸ்டூடியோவில் கழுவிய பழைய புகைப்படம் இந்த முறையில் இறங்கவே இறங்காது. அதன் பிம்பம் ஜெலட்டின் அடுக்குக்குள் இருக்கிறது. பாட்டி எழுதிய இன்லண்ட் லெட்டர் நீரில் கரைந்துவிடும். கண்டக்டரின் மெஷினில் வரும் பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட் எல்லாம் வெப்பத் தாள். சில மாதங்களில் தானே வெளிறிவிடும். எல்லாவற்றையும் பிரதி எடுத்து அந்தப் பிரதியை இறக்குங்கள், மூலத்தை அலமாரியில் வையுங்கள்.

ஃபெவிகால் போதாதா?

எல்லோரும் கேட்பது இது. போதாது. வெள்ளைப் பசைகள் பாலிவினைல் அசிடேட்டால் ஆனவை. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகி வெளுக்கும். நம் வேலையின் பாதி தண்ணீரில் தேய்ப்பது. பசை இளகினால் தாளோடு படமும் சுருண்டு வந்துவிடும். வெள்ளைப் பசையிலேயே அழகாகச் செய்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் கை அப்படி. புதிதாகத் தொடங்குகிறவர் அக்ரிலிக் ஜெல்லையே வாங்கட்டும்.

லேபிளில் பார்க்க வேண்டிய சொற்கள் மூன்று: அக்ரிலிக், ஜெல் மீடியம், கிளாஸ் (gloss). மேட் வகை கண்ணுக்கு இதமாக இருந்தாலும், பளபளப்பைக் குறைக்க அதில் சேர்த்த பொடி கறுப்புப் பகுதிகளின் மேல் புகைபோலப் படியும். பளபளப்பு வேண்டாம் என்றால் எல்லாம் முடிந்த பிறகு மேலே ஒரு மேட் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம். மென்மையான ஜெல், நடுத்தர ஜெல் இரண்டுமே நமக்கு ஒத்துவரும். கத்தியில் குவிந்து நிற்கும் கெட்டி ஜெல் இதற்கு வேண்டாம்; அதில் தூரிகைத் தடம் விழும், குமிழ் சிக்கும்.

பெங்களூரிலிருந்து கிளம்பிப் பிற ஊர்களுக்கும் போன இட்ஸி பிட்ஸி போன்ற கிராஃப்ட் கடைகளிலும், பெரிய ஓவியப் பொருள் கடைகளிலும் ஜெல் கிடைக்கும். முதல் முறை 100 மில்லிக்கு மேல் வாங்க வேண்டாம். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டை ஒன்றுக்கு ஐந்தாறு மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும் செலவாகும். மேல்பூச்சையும் சேர்த்தால் ஒரு டப்பாவில் ஏறத்தாழ 12 அட்டை செய்யலாம். அட்டையும் காகிதமும் வாங்க சுல்தான்பேட்டைக்கும் அவென்யூ சாலைக்கும் போங்கள்; சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். மொத்த வியாபாரத் தெருக்கள் என்பதால் பை நிறைய வாங்கத் தோன்றும். முதலில் இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு தாள் மட்டும் வாங்கி, சோதித்துவிட்டு மறுபடி போங்கள்.

படத்தைத் தாங்கும் அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை இருக்க வேண்டும். பருத்திக் கூழில் செய்த கைக்காகிதமும் சரி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் காகிதம் போன்ற இறுக்கமான வகை என்றால் நன்றாகவே தாங்கும். உதிரியான, இழை துருத்திய காகிதம் தேய்க்கும்போது தானும் உரியும். வண்ணச் சார்ட் பேப்பரின் சாயம் தண்ணீரில் இறங்கும். புத்தக பைண்டிங்குக்குப் பயன்படும் மில் போர்டு உறுதியானது. ஆனால் பழுப்பு நிறம்.

அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பிரிண்டர் வெள்ளையை அச்சிடுவதில்லை. படத்தில் வெள்ளையாகத் தெரிவது தாளின் வெள்ளைதான். தாள் போனதும் அந்த இடங்கள் ஒளிபுகும் படலமாகி, கீழே உள்ள அட்டையின் நிறம் தெரியும். க்ராஃப்ட் அட்டையில் இறக்கிய மல்லிகைப்பூ பழுப்பாகும், கறுப்பு அட்டையில் படமே தெரியாது. இதைத் தெரிந்து செய்தால் அழகு: மங்கிய மஞ்சள் காகிதத்தில் பழைய தெருப்படம் அபாரமாக இருக்கும். வெள்ளை வேண்டும் என்றால் அட்டையில் முதலில் வெள்ளை ஜெஸ்ஸோ அடிப்பூச்சோ வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டோ பூசிக் காய வையுங்கள்.

ஒட்டுவது

அட்டையில் படம் வரப்போகும் இடத்துக்கு முதலில் மெல்லிய ஜெல் பூச்சு ஒன்று கொடுத்துக் காய விடுங்கள். இது படத்துக்காக இல்லை, அட்டையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற. பலர் இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு அட்டை உப்பிவிட்டது என்று வருந்துவார்கள்.

பிரதியைப் படத்தின் விளிம்போடு வெட்டிவிடுங்கள். வெள்ளை ஓரம் விட்டால் அங்கேயும் ஜெல் ஒட்டி, சுற்றிலும் ஒரு சட்டம் தெரியும். ஓரம் கிழிந்ததுபோல வேண்டும் என்றால் கத்தரிக்கோலை விட்டுக் கையால் கிழியுங்கள்.

இப்போது ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையால் அட்டையில் ஜெல்லைப் பரப்புங்கள். தடிமன் ஒரு ஏடிஎம் கார்டின் பாதிக்கும் குறைவாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக. ஜெல் குறைந்த இடத்தில் படம் வழுக்கை விழும், கூடிய இடத்தில் தாள் சுருங்கும். படத்தை முகம் கீழாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் ரோலரோ பழைய ஏடிஎம் கார்டோ கொண்டு அழுத்தி நகர்த்துங்கள். காற்று சிக்கிய இடமெல்லாம் பிறகு ஓட்டை. ஓரங்களில் பிதுங்கும் ஜெல்லை உடனே துடையுங்கள். முக்கியமாக, தாளின் முதுகில் ஜெல் படக்கூடாது. பட்ட இடத்தில் நீர் உள்ளே போகாது. அந்தத் திட்டு எத்தனை தேய்த்தாலும் வராது. விரல் நுனியில் ஒட்டிய துளி ஜெல்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும். அதனால் அழுத்தத் தொடங்கும் முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். மேலே தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல இருக்கும், நம்பாதீர்கள். அடியில் உள்ள நீர் தாள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் மார்ச், ஏப்ரல் மாதக் காற்று வறண்டிருக்கும். காலையில் ஒட்டியதை மாலையில் தேய்க்கலாம். அதே வறட்சியால், பரப்பிக்கொண்டிருக்கும்போதே ஜெல்லின் மேல் ஆடை கட்டிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேகமாக ஒட்டுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு முழு நாள் விடுவதே பாதுகாப்பு. சென்னையில் செய்பவர்கள் வருடம் முழுக்க ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்தால் உதவும். கிட்டே பிடித்துச் சுட வைத்தால் ஜெல்லுக்குள் குமிழ் கிளம்பும்.

தேய்ப்பது

பொறுமை சோதிக்கப்படும் கட்டம் இதுதான். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துத் தாளின் முதுகை நனையுங்கள். அட்டையை அப்படியே வாளியில் முக்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தாளுக்குள்ளிருந்து படம் நிழலாகத் தெரியத் தொடங்கும். தாள் முழுக்க ஊறியதற்கு அதுவே அடையாளம். விரலின் சதைப்பகுதியால், நகம் படாமல், சின்னச் சின்ன வட்டமாக நடுவிலிருந்து தேய்த்து வாருங்கள். தாள் திரி திரியாகச் சுருண்டு வரும். முதல் சுற்றில் தடித்த அடுக்கு போகும். அதோடு நிறுத்துங்கள்.

நிறுத்துவதுதான் கடினம். படம் பளிச்சென்று தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் தேய்த்தால் முடிந்துவிடுமே என்று கை பரபரக்கும். ஈரத்தில் நீண்ட நேரம் இருக்கும் அக்ரிலிக் படலம் மென்மையாகிவிடும். அப்போது தேய்த்தால் படமே பெயரும். அரை மணி நேரம் காய விடுங்கள். காய்ந்ததும் படம் மறுபடி வெள்ளையாக மூடிக்கொண்டதுபோல இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் இருக்கும் மெல்லிய தாள் இழைகள் ஈரத்தில் தெரிவதில்லை, காய்ந்தால் தெரிகின்றன. மறுபடி நனைத்து, இன்னும் மென்மையாக, அடுத்த சுற்று. பெரும்பாலும் மூன்று சுற்று தேவைப்படும். இரண்டாம் சுற்றுக்கு ஸ்பாஞ்சின் மென்மையான பக்கத்தைப் பயன்படுத்தலாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகும் லேசான வெண்மை நிற்கும். அதை விரலால் துரத்திக்கொண்டு போனால் படத்தின் கோடுகள் போய்விடும். மேலே ஒரு மெல்லிய ஜெல் பூச்சு கொடுங்கள், வெண்மை மறையும். வடை வைத்த செய்தித்தாளில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவத் தொடங்குவதுபோல, இழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தை ஜெல் பிடித்துக்கொள்வதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. பூச்சுக்குப் பிறகும் வெள்ளையாகத் தெரிந்தால், தாள் அதிகமாக மிச்சம் இருக்கிறது என்று பொருள். அப்போது ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பூச்சு காய்ந்ததும் நீர் உள்ளே போகாது. ஆகவே மேல்பூச்சுக்கு முன் ஈர விரலால் ஒருமுறை தடவி, படம் தெளிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் கடைசித் துடைப்புக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்புப் பகுதிகளில் வெள்ளைப் புள்ளி நிற்கும். தேய்த்த தாள் கூழைச் சிங்க்கில் விடாதீர்கள். குழாய் அடைத்துக்கொள்ளும், ஜெல் துணுக்குகளும் சாக்கடை வழியாக ஏரிக்குத்தான் போகும். ஒரு பேசினில் வைத்துத் தேய்த்து, பழைய துணியில் வடிகட்டிக் குப்பையில் போடுங்கள். தூரிகையை ஜெல் காய்வதற்குள் சோப்பு நீரில் கழுவிவிட வேண்டும். காய்ந்த தூரிகையை மீட்க வழியில்லை.

சில இடங்களில் படம் உரிந்து போயிருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். பழைய சுவர் விளம்பரம் போன்ற அந்தத் தோற்றத்துக்காகவே பலர் இந்த முறையைத் தேடி வருகிறார்கள். குறை இல்லாத படம் வேண்டும் என்றால் அட்டையில் நேராக அச்சடித்துக்கொள்ளலாமே. பெரிய ஓட்டையாக இருந்தால் வாட்டர்கலர் பென்சிலால் தொட்டு நிரப்புங்கள்.

காலண்டர் படமும் தோல் முறையும்

இதன் தம்பி முறை ஒன்று உண்டு. அட்டையில் ஒட்டாமல், படத்தின் முகத்தின் மேலேயே ஜெல்லைப் பூசுவது. ஒரு பூச்சு குறுக்காக, காய்ந்ததும் அடுத்தது நெடுக்காக என்று ஆறேழு பூச்சு. கடைசிப் பூச்சு முழுதும் காய்ந்த பிறகு வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பின்பக்கத் தாளைத் தேய்த்து எடுத்தால், கையில் மெல்லிய ரப்பர் தோல்போல ஒளிபுகும் படம் கிடைக்கும். அதைக் கத்தரித்து எங்கு வேண்டுமானாலும் ஜெல்லால் ஒட்டலாம். படத்தை முன்பக்கத்திலிருந்தே பார்ப்பதால் மிரர் தேவையில்லை.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான பத்திரிகை, சிவகாசிக் காலண்டர் எல்லாம் இந்த முறைக்கு மிகவும் ஏற்றவை. அவற்றின் மேல் உள்ள களிமண் பூச்சு நீரில் இளகி, தாள் சுலபமாகப் பிரியும். ஆண்டு முடிந்து சுருட்டி வைத்த காலண்டர் எந்தத் தமிழ் வீட்டில் இல்லை? கொலுவுக்குத் தாம்பூலப் பையில் கட்டும் சிறு சீட்டுகளுக்கு முருகன், மீனாட்சி, லட்சுமி எல்லாம் அதிலிருந்தே கிடைப்பார்கள். தோலின் பின்புறம் தங்க நிறப் பெயின்ட் பூசி ஒட்டினால், படத்தின் வெளிறிய இடங்களில் தங்கம் தெரியும். பார்ப்பவர்கள் தஞ்சாவூர்ப் படமா என்று கேட்பார்கள்.

தின்னர், அசிட்டோன் போன்றவற்றால் டோனரைக் கரைத்து இறக்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க் 1958 முதல் 1960 வரை தாந்தேயின் நரகக் காட்சிகளை வரைந்தபோது, பத்திரிகைப் படங்களை லைட்டர் பெட்ரோலால் நனைத்துத் தேய்த்து இறக்கினார்.  கரைப்பான் முறை அவர் கையில் வேறு விதமாகப் பேசியது. பால்கனியும் இல்லாத இரண்டறை ஃப்ளாட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், அந்தப் புகையும் தீ அபாயமும் தேவையில்லை. குழந்தைகளுக்கு ஆசையாக இருந்தால் அகலமான செலோ டேப்பைப் பிரதியின் மேல் அழுத்தி ஒட்டி, தண்ணீரில் ஊறவைத்துப் பின்பக்கத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள். அதே தத்துவம்தான், காத்திருக்கத் தேவையில்லை.

அடுக்குவது, விற்பது

காய்ந்த அக்ரிலிக்குக் கடைசிவரை கொஞ்சம் பிசுபிசுப்பு உண்டு. அட்டைகளை முகத்தோடு முகம் அடுக்கினால், கோடையில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது இரண்டும் கெடும். நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். மழைக்காலத்தில் முழுதும் காயாத அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரிதோறும் குமாரகிருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தையைப் பார்த்தவர்களுக்கு, நாமும் விற்றால் என்ன என்று தோன்றும். தாராளமாக விற்கலாம், படம் யாருடையது என்று பார்த்துக்கொண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருக்கு ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை. 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்கள் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. காலண்டர் சாமிப் படங்களின் பிதாமகர் கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976இல். அவர் படங்களுக்கு 2036 முடிவு வரை உரிமை இருக்கிறது. வீட்டுக் காலண்டரிலிருந்து தங்கைக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்வதும், அதே படத்தைப் பிரதி எடுத்து நூறு அட்டை விற்பதும் வேறு வேறு. புகைப்படத்துக்கும் இப்போது இதே கணக்குதான்: எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இணையத்தில் 'பழைய பெங்களூர்' என்று சுற்றும் படங்களில் பலவற்றுக்கு எடுத்தவர் பெயரோ ஆண்டோ கிடையாது. அவற்றை விற்பனைக்குத் தொடாதீர்கள். சொந்தமாக எடுத்த படத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லால்பாக் காலை 6 மணிக்குத் திறந்துவிடுகிறது.